கால் முறிந்தவன் ஓடிய கதை

போன மாதம் எனக்கு வலது கால் முறிந்தது. நெற்றியில் ரத்தக் காயம். நினைவும் இல்லை.

பதறி போனை எடுக்காதீர்கள்… எல்லாம் ஒரு மணி நேரத்துக்குத்தான்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் காருக்கு பிரேக் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பர்ச்சேஸ் மேனேஜர் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அங்கே மேனேஜர்களுக்கு மட்டும் இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி. நடத்துவதற்குச் சென்னையிலிருந்து ஓர் அம்மையார் வந்திருந்தார். முதல் நாள் வகுப்பு. ஏசி அறை, முந்திரி பிஸ்கெட். பாதி நேரம் கண்ணைத் திறந்துவைத்தபடியே தூங்கினேன். இத்தனை வருட மீட்டிங் அனுபவம் என்ன சும்மாவா?

மறுநாள்தான் வம்பு. தீ விபத்து ஒத்திகை.

"எப்பவும் ஒத்திகைன்னா தொழிலாளிங்கதான் அடிபட்டுப் படுப்பாங்க. நீங்க நிழல்ல நின்னு வேடிக்கை பார்ப்பீங்க. இந்தத் தடவை நீங்க படுங்க" என்றார் அந்த அம்மையார்.

முதலில் என் பெயரைத்தான் சொன்னார். ஏன் நான் என்று கேட்டேன். மேலிருந்து கீழாக என்னை நிதானமாகப் பார்த்தார். "தூக்குறவங்களுக்கு ஒரு சவால் வேணும் சார்."

அறையே சிரித்தது, பாஸ்கரன் ஒருவரைத் தவிர. அவர் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். ஒத்திகைக்குத் தலைமை அவர். காய்ச்சல் வந்தாலும் மாத்திரையை விழுங்கிவிட்டு ஷாப் ஃப்ளோரில் மெஷின்களுக்கு நடுவே நிற்கிற ரகம். அவருக்கும் எனக்கும் வாரத்தில் நான்கு நாள் சண்டை, ஐந்தாம் நாள் பேச்சுவார்த்தை கிடையாது. மெட்டீரியல் ஏன் வரவில்லை என்பார். ஏன் முன்னாலேயே கேட்கவில்லை என்பேன்.

குங்குமத்தை எண்ணெயில் குழைத்து என் நெற்றியில் பூசினார்கள். சட்டையிலும் தாராளமாக ஊற்றினார்கள். சைரன் ஊதியது. நான் மயங்கினேன்.

மீட்புக் குழுவுக்கு வெல்டிங் செக்‌ஷன் ஏசுபாதம்தான் லீடர். நாலு பேர் ஓடிவந்து என் வலது காலில் மரச்சட்டம் வைத்துக் கட்டி, ஸ்ட்ரெச்சரில் உருட்டிப் போட்டுத் தூக்கினார்கள்.

"யப்பா! காலைல இன்னா நாஷ்டா துன்னாரு இவரு?" என்றான் ஏசுபாதம். மயக்கத்தில் இருந்ததால் பொங்கல் என்று சொல்ல முடியவில்லை.

கேட் பக்கத்துத் திடலில் எல்லோரும் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. என்னை அங்கே வெயிலில் இறக்கி வைத்தார்கள். ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். இரண்டடி தள்ளி பாஸ்கரன் மைக்கில் ஒவ்வொரு செக்‌ஷனாகப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திடீரென்று குரல் நின்றது.

மைக்கை இறக்கிவிட்டு இடது தோளை அமுக்கிக்கொண்டார். பிறகு தாடையை. முகம் வெளிறிப்போய், சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. மணல் வாளி ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"சார், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லய்யா. கேஸ் ட்ரபிள். நீ மயக்கத்துல இரு."

மனுஷனுக்கு அப்போதும் ஒத்திகைதான்!

"ஏசுபாதம், அவரைப் பாருப்பா!" என்றேன்.

"சார், நீங்க மயக்கத்துல கீறீங்க. பேசாம படுத்துக்கினு இருங்க. நம்ம டீமுக்கு மார்க் பூடும்."

"ஒத்திகை இல்லப்பா… நிஜம்! நிஜமாவே அவருக்கு முடியலை!"

என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள். "சூப்பர் ஆக்டிங் சார்!" என்று அக்கவுன்ட்ஸ் பெண் ஒருத்தி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். பாஸ்கரன் ஒருபக்கமாகச் சாய்ந்தார். "அவரும் இன்னாமா பண்றாரு பாரு!" என்றது கூட்டம்.

இனிமேல் என்ன மயக்கம்? எழுந்தேன். ஓடினேன். மரச்சட்டம் கட்டிய கால் மடங்காது. காம்பஸ் வட்டம் போடுவதுபோல ஒரு காலை வீசி வீசி, ஒத்திகைக்காக கேட் அருகே நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸை நோக்கி ஓடினேன். எங்கள் கம்பெனி நர்ஸ் ஸ்டெல்லா அதில்தான் இருந்தார்.

"சார்! கால்!"

"கால் கிடக்கட்டும் சிஸ்டர், பாஸ்கரனைப் பாருங்க!"

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

கூட்டத்தின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. ஏசுபாதம் பாய்ந்து வந்தான். நான் விட்டுவந்த ஸ்ட்ரெச்சரில் பாஸ்கரனைப் படுக்கவைத்து, நாலு பேருமாகத் தூக்கினார்கள். என்னை அரிசி மூட்டைபோலக் குலுக்கிக் கொண்டுவந்த அதே கைகள், அவரைத் துளி அசங்காமல் ஏற்றின. "ஒண்ணும் ஆவாது சார், நாங்க கீறோம்" என்றான் ஏசுபாதம். 

ஸ்டெல்லா அவருக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன். ஜி.என்.டி. ரோட்டில் சைரன் அலற, பாஸ்கரனின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் கையை நான் தொட்டதே இல்லை. பயமாக இருந்தது ஐயா… மெட்டீரியலுக்காக நாளைக்கு யார் என்னிடம் கத்துவார்கள்?

ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் கதவு திறந்ததும் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் பாய்ந்து பிடித்தது யாரை? என்னை!

"தலையில அடி, கால்ல ஃப்ராக்சர், உள்ள எடு!"

"ஐயோ, எனக்கு ஒண்ணும் இல்லப்பா. இது குங்குமம்!"

"ஷாக்ல அப்படித்தான் பேசுவாங்க" என்றார் ஒருவர்.

ஸ்டெல்லா போட்ட சத்தத்தில்தான் அவர்கள் பாஸ்கரன் பக்கம் திரும்பினார்கள். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தக்குழாயில் அடைப்பு. சரிசெய்து வெளியே வந்த டாக்டர், "சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க" என்றார். அதற்குள் வந்துசேர்ந்த பாஸ்கரன் மனைவி என் சட்டையைப் பார்த்து வீரிட்டு அலறியதும், அவருக்கு ஒரு நாற்காலி தேட வேண்டியிருந்ததும் தனிக் கதை.

யோசித்துப் பார்க்கிறேன். சிவப்பு பூசிய கல்லுக்குண்டுக்கு இரண்டு இடத்தில் ஸ்ட்ரெச்சர் கிடைக்கிறது. நெஞ்சு வலிக்கிற மனுஷன் ரத்தக் கறை இல்லாத சட்டையில் நின்று பெயர் கூப்பிடுகிறார். தலைக்கு ஹெல்மெட், காலுக்கு ஷூ, காதுக்கு அடைப்பான்… எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். "எனக்கு முடியலை" என்று வாயைத் திறந்து சொல்ல எந்த மேனேஜருக்குப் பயிற்சி இருக்கிறது? நான்கூட முதுகுவலியை மூன்று மாதமாக நாற்காலியின் மேல் பழிபோட்டு ஓட்டிக்கொண்டிருக்கிற ஆள்தானே!

போன ஞாயிறு பொன்னேரியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இளைத்திருந்தார். ஆனால் குரல் பழையபடி திரும்பிவிட்டது.

"ஒத்திகை நடுவுல எந்திரிச்சு ஓடுவியாய்யா? படுத்துக்கினே சத்தம் போட்டிருந்தா ஆவாதா?"

"போட்டேனே சார்! தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் நம்பலை."

பாஸ்கரன் நெஞ்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எப்டிய்யா நம்புவாங்க? ஸ்டேப்ளர் பின்னுக்குக்கூட 'மோஸ்ட் அர்ஜென்ட்'னு மெயில் போடற ஆளாச்சே நீ!"