சாவி தனத்திடம் இருக்கிறது

காலை ஐந்து ஐம்பது. பெரம்பலூர் நாலு ரோட்டில், டீக்கடை முன்பு எங்கள் வேன் நிற்கிறது. ஓட்டுநர் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறார். அப்படியும் கண் சொருகுகிறது.

"நேத்து பகலும் வண்டி ஓட்டுனேங்க. அரை மணி நேரம் படுக்காம இனி முடியாது." சொல்லிவிட்டுப் பின்சீட்டில் சுருண்டு தூங்கிப்போகிறார்.

ஓசூரிலிருந்து இரவெல்லாம் வந்திருக்கிறோம். அரியலூரில் ஏழரைக்கு முகூர்த்தம். மணப்பெண்ணின் தாய்மாமன் செல்வராசு எங்களோடுதான் இருக்கிறார். அவர் மாலை போடாமல் பெண் மணவறைக்கு வர மாட்டாள்.

"தனம், சாவியக் குடு. நானே ஓட்டுறேன்" என்று மனைவியிடம் கை நீட்டுகிறார். அவரும் இரவு முழுக்கக் கண் மூடவில்லை.

ஓட்டுநர் கொடுத்துவிட்டுப் படுத்த சாவியைத் தனம் இடுப்பில் செருகிக்கொள்கிறார். "ஏங்க, கல்யாண வூட்டுக்கு எழவு சேதியா போய்ச் சேரணும்?"

டீக்கடைக்காரர் பாலை ஆற்றியபடி குறுக்கிடுகிறார். "அரியலூர் பஸ் இப்ப வந்துரும் சார். நீங்க மட்டும் அதுல ஏறிக்கங்க. மத்தவங்க பந்திக்குப் போய்ச் சேந்தா போதும்."

"சனத்தை விட்டுட்டு ஒத்தையா போயி நின்னா என்னய்யா மரியாதை?"

"மாமன் வந்தாத்தாங்க மரியாதை. மத்ததெல்லாம் கூட்டம்."

அரியலூர் பஸ் வந்து நிற்கிறது. செல்வராசு மாலைக் கூடையை எடுத்துக்கொண்டு அதில் ஏறுகிறார். உட்கார இடமில்லை. நின்றபடியே போகிறார்.

வேனுக்குள் பேச்சு அடங்கிவிட்டது. கைக்குழந்தை சிணுங்கியதும் அதன் தாய் அதைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறாள்.

மணி ஏழே முக்கால். ஓட்டுநரை யாரும் எழுப்பவில்லை.