இரண்டு வீட்டுக்கும் ஒரே தூண்

ஓராண்டு நிறைவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோருமே எங்கள் வாசல் தூணைத் தாண்டித்தான் உள்ளே வந்திருப்பீர்கள். அதில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு செருப்பைக் கழற்றியும் இருப்பீர்கள். அண்ணனைப் பற்றி எழுதச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தூண்தான். உடன்பிறந்த தங்கை என்ற உரிமையில் அவருடைய நல்ல குணங்களோடு பிடிவாதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். அவர் இருந்திருந்தால், "இதையெல்லாமா அச்சில போடுவே?" என்று கடிந்துகொண்டு, யாரும் பார்க்காதபோது திரும்பத் திரும்பப் படித்திருப்பார்.

அண்ணன் பிறந்தது நாகப்பட்டினத்தில். எங்கள் தந்தையார் காலமானதும் மீசை அரும்பும் வயதிலேயே கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். போர்க்காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர், அதன்பின் கடைசிவரை அந்தக் கிழங்கை வீட்டுக்குள் விடவில்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் வேலை கிடைத்த பிறகு அண்ணியை மணந்தார். ஊரில் தனியாக இருந்த என்னையும் வரவழைத்துப் படிக்கவைத்து ஆசிரியை ஆக்கினார். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் வாடகைக்கு எடுத்த பழைய வீடுதான் எங்கள் எல்லோருக்கும் ஊர் ஆனது.

வீட்டுக்காரச் சீன அம்மாள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். அண்ணனைவிடச் சற்று இளையவர், கணவரை இழந்தவர். அண்ணன் அவரை மரியாதையாக, மலாயில் அம்மணி என்ற பொருளில், "நோஞா" என்று அழைப்பார். எங்களுக்குச் சீனம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பேச்செல்லாம் சந்தை மலாயில்தான். இரண்டு வீட்டு முகப்பையும், வாசல்களின் முன்னே கூரைக்கடியில் ஓடும் ஐந்தடிப் பாதையில், ஒரே தூண் தாங்கி நின்றது. பாதி அவர் பக்கம், பாதி எங்கள் பக்கம்.

ஐம்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் எங்கள் முகப்புச் சுவரில் காரை பெயர்ந்து விழத் தொடங்கியது. சன்னல் பலகைகள் உளுத்துப்போயின. குடியேறும்போது பேசிக்கொண்டபடி பழுதுபார்ப்பது எங்கள் பொறுப்பு. அண்ணனோ ஆள் வைத்துச் செய்ய மாட்டார். தாமே செய்கிறேன் என்பார். ஆனால் தொடங்க மாட்டார். ஒருநாள் பெயர்ந்த காரை அந்த அம்மாளின் காலடியிலேயே விழுந்தது. சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குள் முகப்பு சரியாகாவிட்டால் வீட்டைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணி அப்போது மூத்தவனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். இந்த நிலையில் எங்கே போய் வீடு தேடுவது?

பொங்கலுக்கு எப்படியும் வெள்ளையடிக்க வேண்டும். அவர்களுடைய பெருநாள் அதையடுத்து வரும். ஒரே வேலையில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். சுவரைச் சுரண்டினார். சிமெண்டும் மணலும் குழைத்துப் பூசினார். சன்னலுக்குப் புதுப் பலகை அடித்துப் பச்சை பெயிண்ட் பூசினார். துறைமுகத்தில் அத்தனை உயரத்தில் அமர்ந்து பாரந்தூக்கி ஓட்டுகிறவர், மூங்கில் ஏணியில் கால் வைத்ததும் நடுங்கினார். "பிடிச்சுக்கோ, விட்டுடாதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே வேடிக்கை பார்த்தது. ஏணியைப் பிடித்தது நான்தான். தலையெல்லாம் சுண்ணாம்பு.

வெள்ளை பளிச்சென்று தெரிய நம்மவர்கள் சுண்ணாம்பில் துளி நீலம் கலப்பார்கள் அல்லவா? அங்கேதான் அண்ணன் கோட்டைவிட்டார்.

"போதுங்க, நீலம் கூடிப்போச்சு" என்றார் அண்ணி.

"ஈரத்துல அப்படித்தான் தெரியும். காஞ்சா வெளுத்துடும். உனக்கு என்ன தெரியும்?" என்று இன்னொரு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார்.

காய்ந்தது. வெளுக்கவும் செய்தது. ஆனாலும் வெள்ளை என்று யாரும் சொல்ல முடியாது. வீடு நீலமாகத்தான் நின்றது. போதாக்குறைக்கு, மகள் வீட்டுக்குப் போயிருந்த நோஞாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, தூணில் அவருடைய பாதியையும் சேர்த்து அடித்துவிட்டார். "பாதித் தூணை விட்டா அசிங்கமா இருக்காதா?" என்றார். நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நோஞா திரும்பி வந்தார். தூணைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே போட்டார்.

"ரூமா ஓராங் மாத்தி!" என்று கத்தினார். செத்தவர் வீடு என்று பொருள். வெள்ளையும் நீலமும் சேர்ந்தால் அவர்களுக்குச் சாவு வீட்டு நிறம். பெருநாள் நெருங்கும் வேளையில் அவர் வாசலில் அதைப் பூசிவைத்திருந்தோம். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. வீடு போயிற்று என்றே நான் முடிவு கட்டினேன்.

அண்ணிதான் சட்டென்று உள்ளே போனார். கோலத்துக்குக் காவி இடுவதற்காகக் கரைத்துவைத்திருந்த கிண்ணத்தையும் ஒரு துணியையும் எடுத்து வந்து, வயிற்றைத் தாங்கியபடி குனிந்து, தூணைச் சுற்றிப் பட்டை பட்டையாகப் பூசத் தொடங்கினார். எங்கள் பக்கம் முடித்து அவர் பக்கம் போகுமுன் நிமிர்ந்து பார்த்தார். நோஞாவின் முகம் மெல்ல இளகியது.

"மேரா! பாகுஸ் லா!" என்றார். சிவப்பு, நல்லது! பிறகு அண்ணியின் கையிலிருந்த துணியைத் தாமே வாங்கி, தம் பாதியில் இரண்டு மடங்கு அகலத்துக்குக் காவியை அப்பினார். தம்பிக்கு வீடு கொடுக்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் அண்ணன் வெள்ளையடிப்பார். அண்ணி நீலத்தை ஒளித்துவைப்பார். நோஞா காவிக் கிண்ணத்தோடு வந்து நிற்பார். நாங்கள் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தோம். அவர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். பிள்ளைகள் வளர்ந்தார்கள். குறைவில்லாத வாழ்க்கை அது. நிறைவாகவே வாழ்ந்தார் அண்ணன்.

சென்ற ஆண்டு அவருக்கு நெஞ்சுவலி வந்தது சீனப் பெருநாள் நேரத்தில். மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. நோஞா வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. உள்ளே உறவினர் கூட்டம். நல்ல நாளில் அவர் கண்ணெதிரே சாவை வைக்கக் கூடாது, உடலைப் பின்சந்து வழியாகவே கொண்டுவந்து கொண்டுபோய்விடலாம் என்றார் அண்ணி. அதுவே சரி என்று நானும் நினைத்தேன்.

செய்தி கேட்டு நோஞா வெளியே வந்தார். பின்சந்து என்றதும் தலையை ஆட்டி மறுத்தார். தம் வாசல் சிவப்புத் துணியை அவிழ்த்தார். கஞ்சிப் பசையும் வெள்ளைத் தாளும் எடுத்து வந்து, தூணில் தம் பாதியில் இருந்த சிவப்புப் பட்டைகளின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினார். தங்கள் குடும்பத்தில் ஒருவர் இறந்தால்தான் சீனர்கள் வீட்டுச் சிவப்பை அப்படி மூடுவார்கள். உறவினர் ஒருவர் தடுக்க வந்தபோது எங்களுக்கும் புரியும்படி மலாயிலேயே சொன்னார்: "டியா சயா பூஞா ஆபாங்." அவர் என் அண்ணன்.

நான் அதுவரை அழவில்லை.

அண்ணன் முன்வாசல் வழியாகவே வந்தார். முன்வாசல் வழியாகவே போனார். பாடை தூக்கிய துறைமுக நண்பர்களுக்கும், சமைத்து அனுப்பிய சந்துக்காரர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துக்கம் காத்ததால் இந்தப் பொங்கலுக்கு நாங்கள் வெள்ளையடிக்கவில்லை. நோஞாவும் தம் பாதிக்குச் சிவப்பு பூசவில்லை. திதி முடிந்து நாளை அடிக்கப்போகிறோம். சுண்ணாம்பு ஊறுகிறது, ஏணி பிடிக்க விரும்புகிறவர்கள் வரலாம். தூணில் ஒட்டிய தாளைச் சுரண்டும் வேலையை மட்டும் யாரும் தொட வேண்டாம். அதைத் தங்கைதான் செய்ய வேண்டும் என்று நோஞா சொல்லிவிட்டார். அந்தத் தங்கை நான் இல்லை.