கழிக்காத மரங்கள்

பலாபத்வலையில் மழை தொடங்கிவிட்டால் எங்களுக்கு முன்னால் அட்டைகள் எழுந்துவிடும். காலில் சவர்க்கார நுரை தடவிக்கொண்டுதான் மிளகுத் தோட்டத்துக்குள் இறங்குவோம். கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், "எவ்வளவு பச்சை! சுவர்க்கம்தான்!" என்பார்கள். அதையும் வாசற்படியில் நின்றபடியே சொல்வார்கள்.

மிளகுக்கொடி கிளிசிரியா மரத்தைப் பற்றி ஏறும். மழைக்கு முன்பே அந்த மரத்தின் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். விட்டால் நிழல் மூடிக்கொள்ளும். கொடி இலையாகவே விடும், காய்க்காது. எங்கள் வீட்டில் அது நானாவின் வேலை. வாப்பா மௌத்தான பிறகு குடும்பத்தைத் தாங்கிய அண்ணன் அவர். மரத்தில் இருந்துகொண்டு, கீழே தழை பொறுக்கும் என்னையும் தன் மனைவியையும் "ஆடுகளா, தின்னுங்க" என்று சீண்டுவார்.

வடக்கில் சண்டை மறுபடியும் மூண்ட வருஷம், மரக்கறி லொறியில் வவுனியாவுக்குப் போனார். "மழைக்கு முந்தி வந்து கழிச்சிடுறேன் உம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். லொறியும் வரவில்லை, அவரும் வரவில்லை. பொலிஸ், முகாம், ஆஸ்பத்திரி என்று அலைந்தோம். எங்கே போனாலும் கையை விரித்தார்கள்.

மழை வந்தது. கிளை வெட்டக் கூலிக்கு ஆள் பிடித்தேன். உம்மா வெட்டுக்கத்தியை எடுத்துத் தன் பாய்க்கடியில் வைத்துக்கொண்டார்.

"ஒத்தரும் கை வெக்க வாணாம். எண்ட மகன் வந்து கழிப்பான்."

அடுத்த மழைக்கும் இதே பேச்சு. அதற்கடுத்த மழைக்கும் இதே. தோட்டம் பட்டப்பகலில் இருண்டு கிடந்தது. கொடிகளில் பேருக்குக்கூட ஒரு காய் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மிளகு போனால் போகட்டும், மதினியை நினைத்துத்தான். என் வயதுக்காரி. கணவன் மௌத்தானால் வெள்ளை உடுத்தி, நாலு மாதமும் பத்து நாளும் துக்கம் காத்து இத்தா இருக்கலாம், வாய்விட்டு அழலாம். அவளுக்கு அதுவும் இல்லை. பெருநாளுக்கு உம்மா எடுத்துக் கொடுக்கிற பூச்சேலையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு லொறிச் சத்தத்துக்கும் வாசலைப் பார்ப்பாள். கண் கலங்கினால் உம்மா ஏசுவார்.

"உசிரோட ஈக்கிறவனுக்கு எதுக்குப் புள்ள அழுற?"

அதனால் மழை பலமாகப் பெய்யும்போது மட்டும் அழுவாள். தகரக் கூரையின் இரைச்சலில் எதுவும் கேட்காது.

ஒரு பின்னேரம் மழை சட்டென்று நின்றது. அவளுடைய அழுகை நிற்கவில்லை. வீடு முழுக்கக் கேட்டது. உம்மா ஏசவில்லை. தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, தூறலோடு தோட்டத்திலிருந்து வெட்டுச் சத்தம். "அவர் வந்துட்டார்!" என்று செருப்பும் போடாமல் ஓடினாள் மதினி. நானும் ஓடினேன். அல்லாஹ்வே, அந்த நொடியில் நானும் நம்பினேன்.

உம்மா குசினிக் கதிரையைச் சேற்றில் போட்டு ஏறி நின்று, எட்டின கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். உடம்பு தெப்பமாக நனைந்திருந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வெள்ளைய உடுத்துக்க மகள்" என்றார். "இத்தா இரு. அவன் இனி வரமாட்டான்."

மதினி சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். உம்மா வெட்டுவதை நிறுத்தவில்லை.

எட்டாத கிளைகளைக் கூலியாட்கள் கழித்தார்கள். அடுத்த வருஷம் வெயில் உள்ளே விழுந்து, மிளகு கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.