ஐந்து நாள் கதிர்வீச்சும் இரண்டு பொறையும்

எனக்குக் கணையத்தில் புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது என்றார் டாக்டர். கட்டியை மட்டும் குறிவைத்து ஐந்தே நாளில் கதிர்வீச்சு கொடுக்கலாம், ஆனால் இரைப்பையும் குடலும் ஒட்டியே இருக்கின்றன, அவற்றில் பட்டால் புண்ணாகிவிடும் என்றார். அதற்காகப் போன மாசியில் திருவொற்றியூரிலிருந்து ஐந்து முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். இதே சிகிச்சைக்குக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். பிழையைப் பேத்தி திருத்துவாள்.

துணைக்கு நாத்தனார் ராணி. கல்யாணமான புதிதில், வீட்டு ஆம்பளைகள் சாப்பிடுமுன் நான் ஒரு வஞ்சிரத் துண்டை வாயில் போட்டதை மாமியாரிடம் சொல்லிக் கொடுத்தவள். நாற்பத்தாறு வருஷமாகிறது. வால் துண்டு, அதுவும் தீய்ந்தது.

காலை 8.10 மின்சார ரயில், டிக்கெட் ஐந்து ரூபாய். கொருக்குப்பேட்டையில் கால் மணி நேரம் நிறுத்திவிடுவான், அதையும் சேர்த்துக் கிளம்புங்கள். சென்ட்ரலிலிருந்து ஆட்டோ நூற்றைம்பதில் ஆரம்பிக்கும். எண்பதுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

பத்து மணிக்குச் சிகிச்சை. அதற்கு முன் மூன்று மணி நேரம் வெறும் வயிறு. கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் கதிர் வரும். வலியே இல்லை. பேசின் பிரிட்ஜ் கால்வாய் நாற்றத்துக்கு மூச்சைப் பிடித்தே பழகிய எங்களுக்கு இது பெரிய வேலையா?

மூன்றாம் நாள் ஸ்டேஷன் கடையில் ஒரு டீ, தொட்டுக்கொள்ள ரஸ்க் மாதிரி இரண்டு பொறை. எங்கள் பக்கம் அதைச் சாப்பாடு என்று யாரும் சொல்வதில்லை.

"காலைல ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார் மெஷின்காரர்.

"இல்ல நைனா."

வாசலில் நின்ற ராணி விடவில்லை. "பொய் சொல்லுது சார். டீ குடிச்சிது, ரெண்டு பொறை துன்னுச்சு."

"இன்னாடி, இங்கயும் கோள் மூட்ட வந்துட்டியா?"

"வவுறு புண்ணாச்சுன்னா யாரு அண்ணி கஞ்சி ஊத்துறது? நான்தானே?"

வயிறு நிறைந்திருந்தால் இரைப்பை கட்டியின் மேல் வந்து உட்கார்ந்துவிடும், ஒரு மணிக்கு வாருங்கள் என்று வெளியே அனுப்பிவிட்டார். மூன்று மணி நேரம் பெஞ்சில் நான் அவளோடு பேசவில்லை. அவளும் எழுந்து போய் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஐந்து நாளும் முடிந்தது. வயிற்றில் புண் இல்லை. கட்டி சுருங்கியதா என்பது அடுத்த மாத ஸ்கேனில் தெரியும்.

போகிறவர்கள் புடவையைத் தளர்த்திக் கட்டுங்கள், நகையைக் கழற்றிவிடுங்கள். துணைக்குப் பாசக்காரர்களைக் கூப்பிடாதீர்கள், நீங்கள் தின்றதை மறைத்துவிடுவார்கள். உங்களைப் போட்டுக்கொடுக்கிற ஆளாகப் பாருங்கள்.

ஸ்கேனுக்கும் ராணியைத்தான் வரச் சொல்லியிருக்கிறேன். வஞ்சிரத்தை மன்னித்துவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.