கால் டேங்க் காட்டிய முள்

பிரசவ அறையின் பச்சைத் துணியில் நான்கு மீட்டர்களைச் சுற்றிக் கொண்டுவந்து டாக்டரம்மா என் மேசைமேல் வைத்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லில் லாரி மீட்டர் பழுது பார்க்கும் கடையில் நான் தலைமை மெக்கானிக். முப்பது வயது, அதற்குத் தகுந்த தலைக்கனமும் இருந்தது. துணியைப் பிரித்ததும் எனக்கு வாயெல்லாம் பல். வேக மீட்டர், ஆயில் மீட்டர், சூட்டு மீட்டர், பெட்ரோல் மீட்டர், எல்லாம் அவருடைய அப்பா வாங்கிய பழைய இங்கிலாந்துக் காரில் இருந்தவை. கண்ணாடிகள் மங்கி, எண்கள் உதிர்ந்து, முட்கள் நான்கும் செத்துக் கிடந்தன. "எங்கப்பா ஓட்டுனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே வேணுங்க தம்பி," என்றார். பரமத்தி சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் வலி எடுத்தாலும், அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பிரசவம் பார்ப்பவர் அவர்.

மூன்று வாரம் அதிலேயே கிடந்தேன். விளிம்புகளுக்கு மெருகேற்றி, மெல்லிய தூரிகையால் வெள்ளை எண்களை ஒவ்வொன்றாக எழுதினேன். ஓர் எட்டு மட்டும் சரியாக வராமல் நான்கு முறை அழிக்க வைத்தது. கடைசியாகப் பெட்ரோல் மீட்டர். லாரிக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டீசல் வண்டியை டேங்க் வற்றும்வரை ஓட்டினால் குழாயில் காற்று புகுந்துவிடும், அதை எடுக்காமல் வண்டி கிளம்பாது. அதனால் டேங்குக்குள் இருக்கும் மிதவையின் கம்பியை இடப்பக்கம் கொஞ்சம் வளைத்துவிடுவோம். கால் டேங்க் மிச்சம் இருக்கும்போதே முள் காலி என்று காட்டும், டிரைவரும் பயந்து டீசல் போட்டுவிடுவார். யாரும் கேட்காமலே செய்து கொடுக்கிற நல்லது அது. தனியாகக் கார் ஓட்டுகிற பெண்பிள்ளை நடுவழியில் நின்றுவிடக் கூடாதே என்று, அவர் கார் டேங்கின் மிதவையைக் கழற்றி அதன் கம்பியையும் வளைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

நானே எல்லாவற்றையும் காரில் மாட்டி முடித்து இஞ்சினைக் கிளப்பியபோது டாக்டரம்மா கையைத் தட்டிச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் ஓடிவந்தார். ஜேடர்பாளையம் பக்கத்துக்காரர், டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார். "எம் புள்ளைக்கு நேத்துப் பொழுதோட வலி எடுத்ததுங்க, இன்னும் பொறக்குலீங்க. கண்ணு சொருகுதுங்க. சித்த வாங்க டாக்டரம்மா," என்று கும்பிட்டார். டாக்டரம்மா புது முள்ளைப் பார்த்தார். "கால் டேங்க் இருக்குதுங்க, போதும். ஏறுங்க," என்றார். எதிரிலேயே இருந்த பெட்ரோல் பங்கைத் தாண்டி வண்டி போய்விட்டது.

அரை மணி கழித்து ஒரு லாரியின் மிதவையைக் கையில் எடுத்தேன். கம்பியை இடப்பக்கம் வளைத்தேன். கை அப்படியே நின்றது. லாரி டேங்கில் மிதவை மேலிருந்து தொங்கும். அந்தக் காரிலோ அதைப் பக்கவாட்டில், எதிர்ப்புறம் திருப்பித்தான் மாட்ட முடியும், அப்படித்தான் மாட்டியிருந்தேன். என் வளைப்பு அங்கே தலைகீழாக வேலை செய்யும். டேங்க் காலியான பிறகும் முள் கால் டேங்க் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

அப்போது என் மனைவிக்கும் ஏழாம் மாதம். பக்கத்துக் கடைக்காரரின் மொபெட்டை வாங்கி, கேனில் பெட்ரோல் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் மரத்தடிகளில் அந்தக் கறுப்புக் காரைத் தேடினேன். காணவில்லை என்றால் நிம்மதி வர வேண்டும், எனக்கோ பயம்தான் கூடியது. பரமத்திக்கு அப்பால் பங்கே கிடையாது. முகம் தெரியாத அந்தப் பெண்ணைக் கொன்றவன் நான் என்று மொபெட் சத்தத்தினூடே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

கரும்புக் காட்டோரம் கார் நின்றிருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஊருக்கு இன்னும் இரண்டு மைல்.

ஊருக்குள் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். பெரியவர் வாசலில் குத்தவைத்திருந்தார். "எண்ணெ தீந்து போச்சுங்க. டாக்டரம்மா ஓட்டமும் நடையுமா வந்தாங்க," என்றவர், என்னை அடையாளம் கண்டு, "நீங்களும் பாக்க வந்தீங்களா சாமி," என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. உள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. பிறகு குழந்தை அழுதது.

டாக்டரம்மா வெளியே வந்தார். செருப்பு அறுந்து, ஒரு காலில் ரத்தம். "ரெண்டு உசுரும் தப்பிச்சுதுங்க. இன்னுங் காமணி நேரம் போயிருந்தா நான் வந்தும் பிரயோசனமில்ல," என்றார். நான் கம்பி வளைத்த கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "முள்ளு கெட்டுக் கெடந்தப்பத் தெனமும் காத்தால டேங்குக்குள்ள குச்சி உட்டுப் பாப்பனுங்க. ஒரு நாளும் வழியில நின்னதில்ல. இன்னிக்குத்தான், மீட்டர் நல்லாயிருச்சேன்னு பாக்காம வந்துட்டேன்," என்றார்.

இப்போது என் மகனுடைய கார், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை எண்ணாகவே காட்டுகிறது. மகன் அதைப் பார்த்துத் தைரியமாகப் பங்கைத் தாண்டுகிறான். எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. எழுபது தாண்டியும் அது என்னை விடவில்லை. "அப்பாவுக்குப் பெட்ரோல் பயம்," என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

அந்தப் பிரசவத்துக்கு மறுவாரம் டாக்டரம்மா கடைக்கு வந்தார். கம்பியை நேராக்கி, லிட்டர் லிட்டராகப் பெட்ரோல் ஊற்றி அவர் முன்னாலேயே சரிபார்த்தேன். முள் மயிரிழை பிசகாமல் நின்றது. அதைப் பார்த்தவர், "எல்லாம் அழகா இருக்குதுங்க. இந்த ஒன்ன மட்டும் பழையபடி கெடுத்துக் குடுத்துருங்க தம்பி," என்றார்.

"இப்பச் சரியாத்தானுங்க காட்டுது, டாக்டரம்மா."

"காட்டுமுங்க. அது அசஞ்சா நான் நம்பிருவேன்."

அந்த மீட்டருக்கு நான் பொருத்திய ஒயரை நானே நறுக்கினேன்.