கத்திரி அக்கா வெட்டச் சொன்ன மூலை

முதலில் நான்கு மூலைகளையும் பார்ப்பார். படத்தின் நடுவில் சிரிக்கும் முகம் இருக்கட்டும், சீறும் அலை இருக்கட்டும், அதைக் கண்டுகொள்ள மாட்டார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் சுவரோரம் ஈரம் தேடுவதைப் போல ஓரமாகவே கண்ணை ஓட்டிக்கொண்டு வருவார். பிறகு எழுந்து பெரிய டிவிக்குப் பக்கத்தில் போய், 'ட' வடிவில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைப் படத்தின் மேல் பிடித்து, வேண்டாததை மறைப்பார்.

"இப்ப பாருங்க. படம் மூச்சு விடுதா?"

விடும். அதனால்தான் அவருக்குக் கத்திரி அக்கா என்று பெயர்.

வாரம் முழுக்க கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அச்சகத்துக்கு மேலே உள்ள அறையில், பொழுதுபோக்காகப் படம் எடுக்கிறவர்கள் கூடும்போது, அவரவர் படங்களைப் பற்றிப் பேசுகிறார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். "தப்பைச் சொல்லணும், ஆனா ஆளு வண்டியை விட்டு இறங்கி ஓடிடக்கூடாது."

யாராவது ஒரு படத்தைப் பார்த்து 'சூப்பர்' என்றால் போதும், அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "சூப்பர்னா என்ன? உங்களுக்குச் சொல்ல ஒண்ணுமில்லனு அர்த்தம். எங்க பிடிச்சிருக்கு, எங்க கண்ணு வழுக்குது, அதைச் சொல்லுங்க." மட்டம் தட்டுகிறவர்களையும் விடமாட்டார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், முதல்முறையாகப் படம் கொண்டுவந்த பெண்ணிடம், "வீட்டு வேலைக்கு நடுவுல இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டார். அக்கா அட்டைகளைக் கீழே வைக்காமலேயே திரும்பினார். "சார், இந்தப் படத்துல வெளிச்சம் இருக்கு, நிழல் இருக்கு. எடுத்தவங்க வீட்டுப் பாத்திரம் எங்கயும் இல்லையே. நீங்க எங்க பார்த்தீங்க?" அதிகாரி அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

ராசி, நேரம், திருஷ்டி என்று அவர் எதிரில் யாரும் வாய் திறக்க முடியாது. "கேமராவுக்கு ராசி கிடையாது. லென்ஸுக்கு அழுக்கு உண்டு. துடைங்க" என்று முடித்துவிடுவார்.

கடைசியில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "எதைப் பார்த்துட்டுக் கேமராவைத் தூக்கினீங்க?" பதில் சொல்லத் தெரியாதவர்கள் நெளிவார்கள். அந்த நெளிவில்தான் அடுத்த படம் நன்றாக வரும் என்பது அவர் கணக்கு.

மாதம் ஒருமுறை எல்லோரும் ஒரே தெருவுக்குப் போய்ப் படம் எடுப்பது இவர்கள் வழக்கம். தெரு ஒன்றுதான், பார்வை எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான். அப்படிப் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் டாக்டரின் படம் திரையில் இருந்தது. மழை விட்ட தெரு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருவர், பின்னால் ஒரு மாடிவீடு.

"சைக்கிள்காரர் தோள் சாய்ஞ்சிருக்கிறது அழகு. ஆனா டாக்டர், மேல அந்த வலது மூலை. ஜன்னல்ல ஏதோ கறை மாதிரி வெளுப்பா இருக்கு. கண்ணை அங்க இழுத்துட்டுப் போகுது. வெட்டிடுங்க." அட்டை மூலையை மறைத்தது.

டாக்டர் சிரித்தார். "மாசா மாசம் எனக்கு இதே மூலையைத்தானே அக்கா வெட்டச் சொல்றீங்க?"

அட்டை அப்படியே நின்றது.

"அதே ஜன்னலா?"

"அதே ஜன்னல்தான். நான் எங்க நின்னு எடுத்தாலும் அது வந்து விழுந்துடுது."

டாக்டருக்குப் பக்கத்தில் நின்று அதே நேரத்தில் எடுத்த தையல்காரரின் படத்தைப் போடச் சொன்னார் அக்கா. அதே சைக்கிள், அதே வீடு. ஜன்னலில் மட்டும் மேகம் தவிர வேறொன்றும் இல்லை.

மறுபடி டாக்டரின் படம். "அந்த ஜன்னலை மட்டும் பெரிசாக்குங்க."

பெரிதாக்கினார்கள். அது கறை இல்லை. ஜன்னலின் கீழ்விளிம்பில், கண்ணாடியோடு ஒட்டி, விரிந்த ஒரு கை.

"போன மாசப் படம். வெட்டாதது இருக்கா?"

கணினியில் இருந்தது. அதில் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள், நடுவில் ஒரு பெண்ணின் முகம், திறந்த வாய். அதற்கு முந்தைய மாதம், அதே முகம் வாய்மூடிக் கண்ணாடிக்கு அருகில். அதற்கும் முன்னால் அறைக்குள் தள்ளி, முழு உயரத்துக்கு நிற்கும் ஓர் உருவம். எல்லாவற்றிலும் அது தெருவைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தது.

தையல்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "அக்கா, அந்த வீட்டுல பேய் இருக்குன்னு ரொம்ப நாளாவே ஒரு பேச்சு உண்டு. என் கேமராவுக்குத் தெரியாதது இவர் கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரியும்? வேணாம்க்கா, அழிச்சிடலாம்."

"தம்பி, பட்டப்பகல்ல வந்து மாசா மாசம் போஸ் குடுக்கிறதுக்குப் பேய்க்கு வேற வேலை இல்லையா?" என்றார் அக்கா. ஆனால் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. டாக்டரைப் பார்த்துத் தன் பழைய கேள்வியைக் கேட்டார்: "எதைப் பார்த்துட்டுக் கேமராவைத் தூக்கினீங்க?"

டாக்டர் தன் கழுத்தில் தொங்கிய கேமராவைத் திருப்பிப் பார்த்தார். "சைக்கிளைத்தான். ஆனா கேமராவுக்குள்ள கண்ணை வச்சா, மேலேர்ந்து யாரோ என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். இறக்கிட்டுப் பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

"லென்ஸ் முன்னாடி என்ன மாட்டியிருந்தீங்க?"

பளபளப்பை அடக்கும் பில்டர். ஈரத்தெருவோ வெயிலோ மின்னாமல் இருக்க அவர் எப்போதும் மாட்டியிருப்பது. அக்கா அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார். திரைச்சீலையை விலக்கி, எதிர்க் கட்டடத்து மாடியைச் சாய்வாகப் பார்க்கும் இடத்தில் போய் நின்றார். "தம்பி, அந்த ஜன்னல்ல என்ன தெரியுது?"

"வானம்தான்."

பில்டரைத் தையல்காரர் கண்ணுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்பினார். கண்ணாடியில் மின்னிய வானம் கரைந்தது. உள்ளே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

"அட! ஆளு!" தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பேய் இல்லையா? நல்ல வேளை."

"நல்ல வேளையா?" அக்கா அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு செத்தது. "பேயா இருந்தா இப்பவே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருக்கலாம். இது உசிரோட ஒரு பொம்பள. மாசக்கணக்கா அங்கயிருந்து நம்மளக் கூப்பிட்டிருக்கா. நாம படம் அழகா இல்லனு வெட்டிக்கிட்டிருந்திருக்கோம்."

டாக்டரின் கடைசிப் படம் அன்றைக்குக் காலையில் எடுத்தது. முகம் இல்லாமல் கை மட்டும். ஏன் கை மட்டும் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா படியிறங்கத் தொடங்கியிருந்தார்.

தெரு பக்கத்தில்தான். டாக்டர் நடந்துகொண்டே போலீசுக்குப் போன் செய்தார். அந்தப்பக்கம் எடுத்தவர் "போட்டோவுல தெரியுதா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, ஆள் அனுப்புவதாகச் சொன்னார். வீட்டு வாசலில் நின்று எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஜன்னலில் மேகம் போய்க்கொண்டிருந்தது. அமைதியான வீடு. பூச்சட்டிகளுக்கு அப்போதுதான் யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

கதவைத் திறந்தவர் சலவைச் சட்டையில், கையில் பேப்பரோடு, மரியாதையாக இருந்தார். "சொல்லுங்கம்மா."

"மாடியில யார் இருக்காங்க?"

"யாரும் இல்லையே. பழைய சாமான் போட்டு வச்சிருக்கேன். வேலை செஞ்சுக்கிட்டிருந்த பொம்பளகூட எப்பவோ ஊருக்குப் போயிடுச்சு."

"வேலைக்காரம்மாவை நான் கேக்கலையே."

அவர் முகம் மாறவில்லை. கண் மட்டும் டாக்டரின் கழுத்தில் தொங்கிய கேமராவுக்குப் போயிற்று. "யாரைக் கேட்டு என் வீட்டைப் படம் எடுக்கிறீங்க? நாலு பெரிய மனுஷங்களை எனக்கும் தெரியும். கௌரவமா கிளம்புங்க."

தையல்காரர் அக்காவின் முந்தானையை லேசாகத் தொட்டார். "அக்கா, போலீஸ் வரட்டும். வெளியில நிப்போம்."

அப்போது மேலே, கண்ணாடியில் நகம் படுவது போல ஒரு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது, முதலைவிட மெலிதாக.

"எலி" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கதவு சட்டத்தில் போய்ச் சேரவில்லை. இடுக்கில் அக்காவின் கால் இருந்தது. உள்ளேயிருந்து அவர் தோளைக் கொடுத்து அழுத்தினார், ரப்பர் செருப்பு மடங்கியது, விரல்கள் வெளுத்தன. கத்திரி அக்கா காலை எடுக்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டே, அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.