மளமளவென்று ஏறிய ரீச்

திண்டிவனத்தில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். கடையிலேயே ரீல்ஸ் எடுத்துப் போட்டு, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று டாஷ்போர்டில் கவனிப்பேன். ஒருநாள் காலையில் போட்ட வீடியோவுக்கு ரீச் மளமளவென்று ஏறியது. புடவையின் ராசி என்று பூரித்து, அதே அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுக்கப் போனேன். விழுப்புரத்திலிருந்து நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, கடையிலயா இருக்கீங்க? ஜல்தி வெளிய வாங்க! வீடியோவுல உங்க பின்னாடி, மேல்தட்டுல பாம்பு நெளிஞ்சிக்கினு இருக்குது. அதைத்தான் எல்லாரும் பார்த்துக்கினு இருக்காங்க!"

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். தீயணைப்புத் துறையினர் வந்து, புடவைகளுக்கு நடுவிலிருந்து நல்ல பாம்பைப் பிடித்தார்கள். பிறகுதான் கமெண்டுகளைப் படித்தேன். "அக்கா, திரும்பிப் பாருங்க" என்று பலர் கெஞ்சியிருந்தார்கள். இப்போதெல்லாம் ரீச் ஏறினால், முதலில் கமெண்டுகளைத்தான் படிக்கிறேன்.